தசை ஏறும்போது தம் இறங்காமல் இருக்க: ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரருக்கு 24 வார வழிகாட்டி

2017 ஏப்ரல் 29. லண்டன் வெம்பிளி மைதானத்தில் உலக ஹெவிவெயிட் பட்டச் சண்டைக்கு 90 ஆயிரம் பேர். ஐந்தாவது ரவுண்டில் ஆன்டனி ஜோஷுவா, 41 வயது விளாடிமிர் கிளிட்ச்கோவை அடித்துக் கீழே தள்ளினார். எழுந்து நின்றவரை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்று கை ஓயும்வரை அடித்தார். கிளிட்ச்கோ விழவில்லை. ஓய்ந்துபோனது ஜோஷுவாதான். அந்த ரவுண்டின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள்: வாய் திறந்திருக்கிறது, கைகள் மார்புக்குக் கீழே தொங்குகின்றன, கால் ஊன்றிய இடத்திலேயே நிற்கிறது. ஆறாவது ரவுண்டில் கிளிட்ச்கோவின் வலது கை நேராக வந்தபோது அவரால் தலையை ஓரடிகூட நகர்த்த முடியவில்லை. தொழில்முறை வாழ்க்கையில் முதல் முறையாகத் தரையில் உட்கார்ந்தார்.

அன்று ஜோஷுவாவுக்கு வயது 27, எடை 113 கிலோ. சிலையாகச் செதுக்கியது போன்ற உடம்பு. அந்த உடம்பு மூன்று நிமிட வேட்டைக்குப் பிறகு, தன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நான்கு ரவுண்டுகளை அடக்கி ஓட்டி, மூச்சைத் திரட்டி, 11-வது ரவுண்டில் ஓர் அப்பர்கட்டால் (கீழிருந்து தாடைக்கு எழும் குத்து) ஆட்டத்தைத் திருப்பி வென்றார் என்பது தனிக்கதை. அந்த நான்கு ரவுண்டுகள் பற்றிப் பின்னால் பேசலாம்.

90 கிலோவுக்கு மேல் எடையுள்ள, அதாவது ஹெவிவெயிட் பிரிவில் ஆடும், அல்லது அங்கே போக விரும்பும் குத்துச்சண்டைக்காரருக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: தசையைச் சேர்ப்பதற்கு முன் அதற்குத் தீனி போடும் இதயத்தையும் நுரையீரலையும் தயார் செய்யுங்கள். வரிசை மாறினால் அழகான உடம்பு கிடைக்கும்; நான்காவது ரவுண்டு கிடைக்காது. என் இருபதுகளில் எட்டு மாதத்தில் 11 கிலோ ஏற்றிக்கொண்டு ரிங்குக்குள் போய், இரண்டாவது ரவுண்டில் கையைக் கன்னம் வரை தூக்க முடியாமல் நின்றவன் நான். அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பெரிய உடம்பு ஏன் சீக்கிரம் ஓய்கிறது

மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் அடிக்கும் குத்துக்கான சக்தி, தசைக்குள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஒரு சிறிய சேமிப்பிலிருந்து வருகிறது. பாஸ்போகிரியேட்டின் என்பது அதன் பெயர். பத்து விநாடி விடாமல் அடித்தால் பெரும்பகுதி காலி. அதை மறுபடி நிரப்புவது ஆக்சிஜன். அரை நிமிடத்தில் ஏறக்குறையப் பாதி நிரம்பும். முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். ரவுண்டுகளுக்கு நடுவே உங்களுக்குக் கிடைப்பதோ ஒரே நிமிடம்.

தசை கூடினால் தொட்டி பெரிதாகிறது. மோட்டார், அதாவது இதயமும் நுரையீரலும், அதேதான். தொட்டியை மாற்றி மோட்டாரை மாற்றாத வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு சங்கடம் வெப்பம். உடம்பு பெருக்கும் அளவுக்குத் தோலின் பரப்பு பெருகுவதில்லை. ஆகவே கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால், வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு பெரிய ஆளுக்குக் குறைவு. 1977 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஜிம்மி யங்கிடம் 12 ரவுண்டு ஆடித் தோற்ற முன்னாள் உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன், உடைமாற்றும் அறையிலேயே வெப்பத்தால் சுருண்டார். அதன்பின் பத்து ஆண்டுகள் ரிங் பக்கமே வரவில்லை. வெயில் ஊரில் பயிற்சி செய்யும் நமக்கு இது புத்தகச் செய்தி மட்டும் இல்லை.

முதல் 2 வாரம்: அளந்து எழுதுங்கள்

முதலில் மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தம், இசிஜி, ஹீமோகுளோபின், சர்க்கரை. பெரிய உடம்புக்காரர்கள் பலர் தங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமலேயே ரிங்குக்குள் ஏறுகிறார்கள். இதைத் தவிர்த்துவிட்டு மற்றதைப் படிக்க வேண்டாம்.

பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். ஏழு நாள் சராசரிதான் உங்கள் அடிப்படை எண். எடையும் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் வாரம் ஒருமுறை போதும்.

மூன்றாவது அளவுதான் முக்கியம். இதற்கு ஒரு நண்பர் வேண்டும். பஞ்சிங் பேக்கில் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவே ஒரு நிமிட ஓய்வு. சண்டையில் அடிப்பது போலவே அடிக்க வேண்டும். முதல் ரவுண்டின் கடைசி 30 விநாடியிலும் மூன்றாவது ரவுண்டின் கடைசி 30 விநாடியிலும் விழும் முழு வலுக் குத்துகளை நண்பர் எண்ண வேண்டும். தடவிக்கொடுக்கும் குத்துகளைக் கணக்கில் சேர்க்காத அளவுக்குக் கறாரான நண்பராக இருந்தால் நல்லது. மூன்றாவது ரவுண்டு முடிந்த நொடியில் 15 விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

என் நோட்டில் இருக்கும் ஒரு பக்கம் இது. 97 கிலோ இளைஞன். முதல் ரவுண்டில் 31 குத்து, மூன்றாவதில் 19. நாடி 184-லிருந்து ஒரு நிமிடத்தில் 166 வரைதான் இறங்கியது. அவன் கேட்டது: "அண்ணா, இன்னும் ஆறு கிலோ ஏத்திக்கலாமா?" நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் 18 துடிப்புதான் இறங்குகிறது என்றால் மோட்டார் ஏற்கெனவே திணறுகிறது. என் கணக்கில் 30-க்குக் குறையாமல் இறங்க வேண்டும்.

3 முதல் 10-வது வாரம் வரை: மோட்டார்

எட்டு வாரம். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சுருக்கப் பார்க்கிறார்கள், சலிப்பூட்டும் வேலை என்பதால்.

வாரத்தில் நான்கு நாள், 30 நிமிடத்தில் தொடங்கி 50 நிமிடம் வரை, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் உடம்பை இயக்க வேண்டும். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பெரும்பாலோருக்கு நாடி 120-க்கும் 145-க்கும் இடையில் இருக்கும். இந்த வேகத்தில் ஓடுவதற்கு முதல் மாதம் கூச்சமாக இருக்கும். பூங்காவில் நடக்கும் தாத்தாக்கள்கூடக் கடந்து போவார்கள். போகட்டும். இந்த மெதுவான வேலைதான் ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தைக் கூட்டுகிறது, தசைக்குள் நுண் ரத்தக்குழாய்களைப் பெருக்குகிறது.

100 கிலோவைத் தாண்டியவர் நான்கு நாளும் ஓடக் கூடாது. இரண்டு நாள் மண் தரையில் ஓட்டம், இரண்டு நாள் சைக்கிளோ நீச்சலோ. முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் நுரையீரலைவிடத் தாமதமாகத்தான் பழகும். உலகச் சாம்பியன் ஒலெக்சாண்டர் உசிக்கின் பயிற்சியில் நீச்சலுக்கு எப்போதும் பெரிய இடம் உண்டு.

7-வது வாரத்திலிருந்து நான்கில் ஒரு நாளைக் கடினமாக்குங்கள். நான்கு நிமிடம் கடும் வேகம், மூன்று நிமிடம் மெல்லோட்டம். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு நான்கு நிமிடத்தின் கடைசியிலும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேச முடியக் கூடாது. மேட்டுப் பாதை கிடைத்தால் இன்னும் நல்லது. வேகம் குறைவாக இருந்தாலும் இதயம் உச்சத்துக்குப் போகும், முழங்கால் பிழைக்கும்.

இந்தக் காலத்தில் பஞ்சிங் பேக்கும் ஷாடோவும் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) ஸ்கிப்பிங்கும் வழக்கம்போல் நடக்கட்டும், பாதி அளவில். ஸ்பாரிங், அதாவது கூட்டாளியோடு ஆடும் பயிற்சிச் சண்டை, வேண்டாம்.

எடை குறைந்தவர்கள் இங்கேதான் ஜெயித்தார்கள். 1950-களின் உலகச் சாம்பியன் ராக்கி மார்சியானோவுக்கு எடை 84 கிலோ சுமார். இன்றைய விதிப்படி அவர் ஹெவிவெயிட்டே இல்லை. 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தவர், புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் 13-வது ரவுண்டில் வலது கையால் பட்டத்தை எடுத்தார். 13-வது ரவுண்டில் அந்த வலுவோடு ஒரு கை வருவதற்கு விடிகாலை ஓட்டம்தான் காரணம். ஓடுவதில் அவருக்கு ஏறக்குறைய வெறி.

9 முதல் 16-வது வாரம் வரை: வலு முதலில், பருமன் பிறகு

இரண்டு வாரம் முந்தைய பகுதியோடு சேர்ந்தே வரும். ஓட்டத்தை இரண்டு நாளாகக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

தசை பெருப்பதும் வலு கூடுவதும் ஒன்றல்ல. முதல் நான்கு வாரம் அதிக எடை, குறைந்த முறை: ஸ்குவாட், டெட்லிஃப்ட், குனிந்து இழுக்கும் ரோயிங், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ். ஒவ்வொன்றும் நான்கு செட், செட்டுக்கு மூன்று முதல் ஐந்து முறை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்காருங்கள், அவசரம் வேண்டாம். வாரம் மூன்று நாள். இதில் நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன. எடை அவ்வளவாக ஏறாமலே குத்து கனக்கும். கூடவே மெடிசின் பந்தைச் சுவரில் எறிதல், கழுத்துப் பயிற்சி. கழுத்தை நாலு பக்கமும் வலுப்படுத்துங்கள். அடி விழும்போது தலை சுழலும் வேகத்தைத் தடுப்பது அதுதான்.

அடுத்த நான்கு வாரம், உண்மையிலேயே எடை வேண்டும் என்பவர்களுக்கு மட்டும், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. கால், இடுப்பு, முதுகு. மார்பையும் புயத்தையும் கண்ணாடிக்காக வளர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். குத்து பாதத்திலிருந்து கிளம்பி இடுப்பில் திரும்பித் தோள் வழியாக வருகிறது. புயம் அதைக் கொண்டு சேர்க்கும் ஆள் மட்டுமே. அந்த ஆளுக்குப் பன்னிரண்டு ரவுண்டும் தன் எடையையும் தூக்கிப் பிடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

எவ்வளவு வேகத்தில் ஏற்றலாம்? 100 கிலோ ஆளுக்கு வாரத்துக்கு 250 கிராம், மிஞ்சினால் 500. அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு, இடுப்பளவு காட்டிக்கொடுத்துவிடும். என் கண்டிப்பான விதி: இரண்டு கிலோ ஏறியதும் நில்லுங்கள். அந்த மூன்று ரவுண்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மூன்றாவது ரவுண்டின் எண்ணிக்கை குறைந்திருந்தால் ஏற்றுவது அங்கே முடிந்தது. முன்சொன்ன இளைஞன் எட்டு வார ஓட்டத்துக்குப் பிறகு முதல் ரவுண்டில் 28, மூன்றாவதில் 25 அடித்தான். இரண்டு கிலோ ஏறியபோது 29-க்கு 25. நான்காவது கிலோவில் 29-க்கு 20. இரண்டு கிலோ இறக்கி 99-இல் நிறுத்திக்கொண்டோம்.

உசிக் இதற்கு உலகத்தரமான எடுத்துக்காட்டு. 2018 நவம்பரில், ஹெவிவெயிட்டுக்குக் கீழான குரூசர்வெயிட் பிரிவின் எல்லையான 90.7 கிலோவில் கடைசியாக ஆடினார். 2019 அக்டோபரில் ஹெவிவெயிட்டாக முதல் சண்டை, 97.5 கிலோ. இந்தத் தாவலில் ஒரு பங்கு, எல்லைக்காக உடம்பை வற்றவைப்பதை நிறுத்தியதால் வந்த தண்ணீர். அடுத்து 2020-இல் 98.5, 2021 செப்டம்பரில் ஜோஷுவாவை வென்றபோது 100.4, 2024 மே மாதம் டைசன் ஃபியூரியை வென்றபோது 101.4. ஆண்டுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ. அன்று ஃபியூரி 119 கிலோ சுமார். ஒன்பதாவது ரவுண்டில் கயிற்றில் சாய்ந்து தள்ளாடியவர் ஃபியூரிதான்.

எதிர்ப்பக்க உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 2019 ஜூனில் நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸ் ஜூனியர் 121 கிலோவோடு வந்து, 112 கிலோ ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் முடித்து உலகையே வாய் பிளக்க வைத்தார். டிசம்பரில் சவூதியில் மறுசண்டை. ஆறு மாதக் கொண்டாட்டத்துக்குப் பின் ரூயிஸ் 128 கிலோவைத் தாண்டி வந்தார். ஜோஷுவா 108-க்கு இறங்கி வந்தார். 12 ரவுண்டும் ஜோஷுவா சுற்றிச் சுற்றி ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) அடித்தார், ரூயிஸ் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். இறங்கிய அந்தச் சில கிலோதான் ஜோஷுவாவின் கால்களை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

ஏற்றியதை அவசரமாக இறக்குவதும் ஆபத்து. ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003 மார்ச்சில் 87.5 கிலோவுக்கு ஏறி ஜான் ரூயிஸிடம் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். எட்டே மாதத்தில் 79.4-க்கு இறங்கி ஆன்டோனியோ டார்வருடன் ஆடி மயிரிழையில் தப்பினார். அடுத்த மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார். பழைய ஜோன்ஸை அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

17 முதல் 22-வது வாரம் வரை: ரிங்குக்குள் சிக்கனம்

இப்போது ஸ்பாரிங். வாரத்துக்கு இரண்டு நாள், 16 அவுன்ஸ் கையுறை, பெரிய கை உள்ளவர்களுக்கு 18. ஒரு நாள் உங்களைவிட எடை குறைந்த, வேகமான ஆளோடு ஆடுங்கள். அவனைத் துரத்தினால் உங்கள் தம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள், செட்டைப் பாதியாக்கி, எடையைக் குறைக்காமல்.

பஞ்சிங் பேக்கில் ஒரு நாள் இப்படி: மூன்று நிமிட ரவுண்டில் ஒவ்வொரு 30 விநாடிக்கும் முதல் 10 விநாடி முழு வேகம், மீதி 20 விநாடி ஜாப்பும் கால் நகர்வும் மட்டும். ஆறு ரவுண்டு. வேட்டைக்குப் பிறகு அடங்கி நிற்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி இது. வெம்பிளியில் ஏழாவது ரவுண்டு முதல் பத்தாவது வரை ஜோஷுவா செய்ததும் இதுதான், கற்றுக்கொண்ட இடம்தான் கொடூரமானது.

சிக்கனம் பற்றிச் சில விஷயங்கள். தவறிய குத்துதான் விலை அதிகமானது: பட்ட குத்தை எதிராளியின் உடம்பு நிறுத்துகிறது, படாத குத்தை உங்கள் தோளும் முதுகும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனிடம் வாங்கிய வேலை அதுதான். கையிலும் விலாவிலும் விழுந்தவை போக, காற்றில் போனவையும் சேர்ந்து, எட்டாவது ரவுண்டில் ஃபோர்மனின் கால் தானாகவே சுற்றியது. கையுறைக்குள் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு முன்கை முதலில் செத்துப்போகும். குத்து படும் கணத்தில் மட்டும் இறுக்குங்கள். ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். கிளிஞ்சில், அதாவது இருவரும் கட்டிப் பிடித்து நிற்கும்போது, உங்கள் எடையை எதிராளியின் கழுத்திலும் தோளிலும் சாய்த்துவிடுங்கள், நீங்கள் சுமக்காதீர்கள். ஃபியூரி 2020-லும் 2021-லும் டியோன்டே வைல்டரை இப்படித்தான் கரைத்தார். 2020 தோல்விக்கு வைல்டர் சொன்ன காரணம் நினைவிருக்கலாம்: ரிங்குக்கு நடந்து வரும்போது போட்டிருந்த 18 கிலோ அலங்கார உடை காலை ஓயவைத்துவிட்டதாம். உலகம் சிரித்தது. நான் முழுதாகச் சிரிக்கவில்லை. தூக்கிக்கொண்டு நடக்கும் எந்தக் கிலோவும், அது உடையானாலும் தசையானாலும், காலிடம்தான் கணக்குத் தீர்க்கும்.

இனி அந்த ஒரு நிமிடம். மணி அடித்ததும் கார்னருக்கு நடந்து போங்கள், அவசரப்பட வேண்டாம். உட்காருங்கள், காலை நீட்டுங்கள், கையைத் தொடையில் போடுங்கள். முதல் 20 விநாடி யாரும் பேசக் கூடாது. பயிற்சியாளர் கீழாடையின் இடுப்புப் பட்டையை முன்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும், வயிறு விரிய. மூக்கால் ஆழமாக இழுத்து, அதைவிட நீளமாக வாயால் விடுங்கள், ஐந்தாறு முறை. பிடரியில் ஐஸ் பை. அடுத்த 20 விநாடியில் ஒரே ஓர் அறிவுரை, ஒரு மிடறு தண்ணீர். மீதியில் பல் கவசம், எழுந்து நிற்றல். மறுவருகையில் ஃபோர்மன் ரவுண்டுகளுக்கு நடுவே உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். 45 வயதில், 113 கிலோவில், 1994 நவம்பரில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தபோதும் அப்படித்தான். எதிராளிக்குக் காட்டிய வீம்பு அது. நீங்கள் உட்காருங்கள்.

தட்டில் என்ன

ஹெவிவெயிட்டுக்கு ஒரு பெரிய வரம் உண்டு: எடை எல்லைக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். அதைப் பலரும் கண்டதைத் தின்னும் உரிமையாக எடுத்துக்கொள்கிறார்கள். 1990 பிப்ரவரியில் மைக் டைசனை வீழ்த்தியபோது பஸ்டர் டக்ளஸ் 105 கிலோ. அக்டோபரில் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக 111 கிலோவுக்கு மேல். 94 கிலோ ஹோலிஃபீல்டு மூன்றே ரவுண்டில் முடித்தார்.

கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். 104 கிலோ ஆளுக்கு ஒரு நாள் இப்படி வரும்: ஆறு முட்டையில் 36 கிராம், பச்சை எடையில் 350 கிராம் கோழியில் 75-க்கு மேல், மீன் 150 கிராமில் 30, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் சுண்டலில் 10, மீதி சோறு, பருப்பு, தயிரிலிருந்து. மொத்தம் 190 சுமார். நாலைந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். இதற்கு டப்பாவில் வரும் புரத மாவு கட்டாயமில்லை.

சோற்றைக் கண்டு பயப்படாதீர்கள். கடும் பயிற்சி நாளில் கிலோவுக்கு 5 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். ஓய்வு நாளில் குறைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்தை வெட்டிவிட்டு ஸ்பாரிங்குக்கு வருபவரை இரண்டாவது ரவுண்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லியும் வாழைப்பழமும், முடிந்ததும் சோறும் முட்டையும். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

தண்ணீர்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும், உப்போடு. உப்புப் போட்ட மோர் அருமையான பானம். கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் பயன்தரும், தடை செய்யப்பட்டதும் இல்லை; முதலில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறும் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், தசை என்று நம்பி ஏமாற வேண்டாம்.

குறுக்கு வழி

2019 ஜூனில் ஜோஷுவாவை எதிர்க்க வேண்டியவர் ஜாரெல் மில்லர். ஏப்ரலில் அவருடைய மாதிரிகளில் மூன்று பொருட்கள் அகப்பட்டன: இபிஓ, வளர்ச்சி ஹார்மோன், ஜிடபிள்யூ1516. ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் ஒன்று, திசுவை வளர்க்கும் ஒன்று, தாங்குதிறனுக்கு ஒன்று. இந்த வழிகாட்டியின் மூன்று தலைப்புக்கும் ஆளுக்கொரு ஊசி, மாத்திரை! கடைசிப் பொருள் புற்றுநோய் அபாயத்தால் மருந்தாக வராமலேயே கைவிடப்பட்டது. மில்லர் வெளியேறிய இடத்துக்குத்தான் ரூயிஸ் வந்தார். பயிற்சிக் கூடத்தில் யாராவது பெயர் ஒட்டாத டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். சோதனையில் மாட்டினால் "தெரியாது" என்ற பதில் செல்லாது.

மீட்சி

தசை ஜிம்மில் வளர்வதில்லை, படுக்கையில் வளர்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு இரவு ஒரு மணி வரை கைப்பேசி பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் கட்டாயம். மதியம் அரை மணி கிடைத்தால் கூடுதல் லாபம்.

பெரிய உடம்புக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பயிற்சியாளர்கள் கவனிப்பதே இல்லை. தடித்த கழுத்து, பலத்த குறட்டை, எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் சோர்வு. இவை மூன்றும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் சோதியுங்கள். இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்து விழித்து விழித்துத் தூங்குபவருக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் பலன் தராது.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. நான்காவது வாரம்தோறும் மொத்த வேலையை அறுபது சதவீதமாக்குங்கள். காலை நாடி உங்கள் சராசரியைவிட ஏழெட்டு துடிப்பு கூடி, அடுத்தடுத்து இரண்டு நாள் அப்படியே இருந்தால் அன்று நடை மட்டும். சுணக்கம் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாளும் இப்படித்தான் தெரியும்.

ஐஸ் குளியல் பார்க்க வீரமாக இருக்கும். எடைப் பயிற்சி முடிந்தவுடன் அதில் இறங்கினால் தசை வளர்ச்சி மட்டுப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனவே தசை ஏற்றும் காலத்தில் வேண்டாம். ஸ்பாரிங் வாரங்களில் வலி அடங்க வேண்டுமானால் பயன்படுத்தலாம். ஸ்பாரிங்குக்கு முன் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைப் போடாதீர்கள். ரத்தம் உறைவதை அவை தாமதப்படுத்தும்.

23, 24-வது வாரம்

வேலையின் அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஆறு ரவுண்டு மூன்றாகட்டும். ஒவ்வொரு குத்தும் முழு வேகத்தில் இருக்கட்டும். கடைசி ஸ்பாரிங் சண்டைக்குப் பத்து நாள் முன்பு. இனி எந்தத் தசையும் வளராது, எந்தத் தமும் கூடாது. பதற்றத்தில் கூடுதலாக ஓடுபவர்கள் சேர்த்துவைத்ததை வெளியே கொட்டுகிறார்கள். கடைசி இரண்டு நாள் உப்பையும் தண்ணீரையும் வழக்கம்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையில் அடி பட்டால்

ஹெவிவெயிட்டில் மீட்சி என்றால் முதலில் இதுதான் நினைவுக்கு வர வேண்டும். ஸ்பாரிங்கிலோ சண்டையிலோ நினைவு தப்பினால், தள்ளாடினால், பிறகு தலைவலியோ குமட்டலோ வெளிச்சக் கூச்சமோ இருந்தால், அன்றைக்கு ரிங் முடிந்தது. அன்றே மருத்துவரிடம் போங்கள். முதல் இரவு தனியாகப் படுக்க வேண்டாம். வாந்தி தொடர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அமெச்சூர் விதிகளில் தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் தடை உண்டு. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை என்றால் மூன்று மாதம். கூடத்தில் நடக்கும் ஸ்பாரிங்குக்கு நடுவரும் இல்லை, பதிவேடும் இல்லை. அதனால் நோட்டில் நீங்களே எழுதுங்கள், அதே 30 நாளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

30 நாள் முடிந்ததும் நேராக ஸ்பாரிங்குக்குப் போகக் கூடாது. முதல் வாரம் நடையும் சைக்கிளும். இரண்டாவது வாரம் ஸ்கிப்பிங், ஷாடோ. மூன்றாவது வாரம் பஞ்சிங் பேக். எதிலாவது தலை கனத்தால் ஒரு படி பின்னால் வந்து மறுபடி ஒரு வாரம். மூன்று வாரமும் தலைவலி இல்லாமல் கடந்து, மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகுதான் தலைக்கவசத்தை மாட்டி ஸ்பாரிங்குக்குப் போங்கள்; அன்றைக்கும் இரண்டு ரவுண்டு மட்டும், உடம்பில் மட்டும் அடிக்க ஒப்புக்கொண்ட ஆளோடு.